மூன்று கோடு தள்ளி நின்ற முள்

ஒரு கல்லூரி லேபில் வோல்ட்மீட்டர் ஒன்று இருந்தது. அன்று காலை பேராசிரியை அங்கயற்கண்ணி அதன் திருகைத் திருகி, முள்ளை மூன்று கோடு தள்ளி வைத்துவிட்டார். "யாராவது கேட்கட்டும், உடனே சரி பண்ணிடறேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டும் போனார்.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குப் பதினைந்து என்று காட்ட மீட்டருக்குக் கூச்சமாக இருந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து எழுதிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

"பொய்யையா எழுதிட்டுப் போறாங்க?" என்று மேஜைமேல் கிடந்த நோட்டிடம் புலம்பியது மீட்டர்.

"உன் மூஞ்சியை யாருப்பா பார்த்தா? சீனியர் நோட்டுல பன்னிரண்டுன்னு இருக்கு. எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க" என்று சிரித்தது நோட்டு.

மீட்டருக்கு இது இன்னும் வலித்தது.

கடைசியாக நோட்டின் சொந்தக்காரி நஸ்ரின் வந்தாள். பன்னிரண்டு என்று எழுதினாள். மீட்டரைப் பார்த்தாள். அழித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

"ஐயோ, தாள் கிழியுது! ஏதாவது ஒண்ணை எழுதித் தொலையேம்மா!" என்று அலறியது நோட்டு.

அவள் பேட்டரி வயரைக் கழற்றினாள். முள் பூஜ்யத்துக்கு இறங்காமல் மூன்றிலேயே நின்றது.

"மேடம், இந்த மீட்டர் பொய் சொல்லுது!"

அத்தனை பேர் முன்னால் பொய்யன் என்று பெயர் வாங்கிய மீட்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.