அறுந்த கோடு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பஸ் டிக்கெட் கம்பெனி இருந்ததாம். ஊர் ஜகார்த்தா. கம்பெனி என்றால் மாடியில் ஓர் அறை, ஆறு கம்ப்யூட்டர், அந்த அறை தாங்காத குரலோடு ஒரு முதலாளி.

அந்த முதலாளி, பாக் சுதார்யோ (பாக் என்றால் அந்த ஊரில் ஐயா), அன்றைக்கு வியர்த்து வழிய உள்ளே வந்தார். டிரைவர் பார்ஜோ காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போயிருந்ததால் வாடகை பைக்கில் தொற்றிக்கொண்டு வந்த எரிச்சல். நோன்பு மாதம் வேறு. ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கூட ஆற முடியாது.

“சைட்டு ஆமையா நகருதாம்! பெருநாளைக்கு ஊருக்குப் போற கூட்டம் மொத்தமும் டிக்கெட்டுக்கு அலையுது. யாரால லேட்டாகுதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்ச நிமிஷம் அந்த ஆள் வீட்டுக்குப் போகணும்!”

“நான் பார்த்தவரைக்கும் நல்லாத்தானே ஓடுது பாக்? புகார் சொன்னது யாரு?” என்றாள் விந்தார்த்தி. சைட்டைக் கட்டி மேய்ப்பது அவள்தான்.

“கஸ்டமர் சொல்றாங்கம்மா! டிரேசிங் வைக்கிறேன், டிரேசிங் வைக்கிறேன்னு ஒரு மாசமா சொல்றியே, அதைக் காட்டு பார்க்கலாம்.”

விந்தார்த்தி பல்லைக் கடித்தாள். டிரேசிங் என்றால் சும்மாவா? டிக்கெட் கேட்டு வருகிற ஒவ்வொருவரும் சைட்டுக்குள் எந்தெந்தப் படி ஏறினார், எந்தப் படியில் எவ்வளவு நேரம் நின்றார் என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு படியும், வந்தவரின் அடையாள எண்ணை வாங்கி அடுத்த படியிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாப் படியும் ஒப்படைத்தது. இருக்கை ஒதுக்கும் படி மட்டும் வாங்கி விழுங்கிவிடும். அங்கே வந்ததும் கோடு அறுந்துபோகும்.

அந்தப் படியை எழுதியவன் ஜத்மிகோ. எத்தனை தடவை கேட்டாலும், “இதோ பண்றேன்க்கா” என்று தலையை ஆட்டுவான். பண்ண மாட்டான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, காலையில் அவளே உட்கார்ந்து அறுந்ததை முடிச்சுப் போட்டுவிட்டாள்.

திரையைத் திறந்தாள். வரிசையாகக் குட்டிக் குட்டிப் பச்சைக் கோடுகள். நடுநடுவே நீளமாகச் சில சிவப்பு.

“என்னம்மா அது, பாம்பு மாதிரி?”

ஒரு சிவப்புக் கோட்டைப் பிரித்துப் பார்த்தவளுக்கு முகம் மாறியது. “கோளாறு இல்ல பாக். இருக்கை ஒதுக்குற இடத்துல, வேணும்னே காக்க வைன்னு எழுதியிருக்கு.”

“வேணும்னேவா? எவன் எழுதினது?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு மாத எரிச்சல் சொல்ல வைத்தது. “ஜத்மிகோ.”

மூலையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

“என் சோத்தைத் தின்னுட்டு என் கடைக்கே பூட்டுப் போடுறியா?” பாக் சுதார்யோவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். “எடுடா பையை!”

“எல்லாரையும் நிறுத்தல பாக். ஒரே ஃபோன்ல பேரை மாத்தி மாத்திப் போட்டு டிக்கெட்டை அள்றவங்களை மட்டும்தான் வரிசைக்குப் பின்னால அனுப்புறேன். பிளாக்ல விக்கிறவங்க. போன வருஷம் எங்க தெருவுல பாதிப் பேர் பெருநாளைக்கு ஊர் போகல. டிக்கெட் தீர்ந்துபோச்சுன்னு சைட்டு சொல்லுது, டெர்மினல் வாசல்ல ஒருத்தன் மூணு மடங்கு விலைக்கு விக்கிறான்.”

“அப்ப ஏன்டா என்கிட்ட மறைச்ச?” என்றாள் விந்தார்த்தி.

“சொன்னா, வித்தாச் சரி, யார் வாங்கினா உனக்கென்னன்னு எடுக்கச் சொல்லிடுவீங்கக்கா.”

அவள் அப்படிச் சொல்லியிருப்பாள்தான்.

“கதை விடுறான்!” பாக் சுதார்யோ மேசையைத் தட்டினார். “என் சைட்டுல பிளாக் பார்ட்டியா? குடும்பஸ்தன் எவனோ சொந்தக்காரங்களுக்கெல்லாம் எடுக்கிறான். அந்தச் சிவப்புக் கோட்டுக்காரனுக்கு இப்பவே ஃபோன் போடு. ஸ்பீக்கர்ல போடு. கம்பெனி சார்புல நானே மன்னிப்புக் கேட்கிறேன். அதைக் கேட்டுட்டு இவன் வெளியே போகட்டும்.”

கஸ்டமர் நம்பரில் கடைசி மூன்று எண் தவிர மற்றதெல்லாம் நட்சத்திரமாகத்தான் தெரியும். விந்தார்த்தி போட்டு வைத்த மறைப்பு. பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினாள். மேசையில் இருந்த ஆபீஸ் ஃபோனின் ஸ்பீக்கரில் மறுமுனை மணியடிப்பது கேட்டது.

ஜத்மிகோ பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பஸ் ஹாரன் சத்தம். அதற்கு மேலே, அறையில் எல்லாருக்கும் பழகின ஒரு குரல்:

“பாக்! நானே கூப்பிடலாம்னு இருந்தேன். உங்க சைட்டு இன்னும் ஆமைதான். இன்னைக்கு முப்பது டிக்கெட்கூடத் தேறல. போன வருஷம் இந்நேரத்துக்கு நாம வித்தே முடிச்சிருந்தோம். இங்க டெர்மினல் வாசல்ல ஆளுங்க பிச்சுப் புடுங்குறாங்க, கையில சரக்கு இல்ல. அப்புறம் பாக், காரைச் சாயங்காலம் கொண்டாந்தாப் போதுமா?”

டிரைவர் பார்ஜோ.

பாக் சுதார்யோ எட்டி ஃபோனை வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். யாரையும் பார்க்கவில்லை.

“தொழுகைக்கு நேரமாச்சு,” என்றார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, “நீ உட்காருடா,” என்றார் ஜத்மிகோ பக்கம் திரும்பாமல்.

பாதிப் படி இறங்கியபின் மறுபடி குரல் வந்தது, இந்தத் தடவை மெதுவாக:

“விந்தார்த்தி... அந்த டிரேசிங்கை மட்டும் எடுத்துடும்மா. அதனாலதான் சைட்டு லேட்டாகுதுன்னு நினைக்கிறேன்.”

கீழே இறங்கிப் போய், வாடகை பைக் ஒன்றுக்குக் கை காட்டினார்.