ஃபெரியில் திறந்த மெயில்

'இவளுக்கு மட்டும் எப்படித் திறக்குது?'

லிக்கோனி ஃபெரிப் படகின் கம்பியைப் பிடித்தபடி ரந்து பல்லைக் கடித்தார். முன்னால் நின்ற மெஜுமாவின் கைப்பேசியில் நீலப் பட்டையும் நங்கூரப் படமும் தெரிந்தன. கம்பெனி மெயிலேதான். சந்தேகமே இல்லை.

கப்பல் சரக்கை இறக்கித் தரும் அவர்கள் கம்பெனியின் மெயில் ஆபீஸ் கட்டடத்துக்குள் மட்டுமே திறக்கும். வாசலைத் தாண்டினால் ஃபயர்வால் என்று ஒரு சுவர் தடுத்துவிடும். மேனேஜர் நியேவு மேடத்தைத் தவிர வேறு யாருக்கும் வெளியே திறந்துவிட்டதில்லை.

இப்போது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த இந்தப் பெண்ணுக்கு!

மெஜுமா திரும்பிப் பார்த்தாள். சட்டென்று கைப்பேசியை மார்போடு அணைத்து மறைத்தாள்.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா, ஐயா?"

"என் வீட்டுக் கதை உனக்கு எதுக்கு?"

இருவருக்கும் ஒரே தெரு. ஆனாலும் கரை சேர்ந்ததும் ரந்து அவளை விட்டு விலகி வேகமாக நடந்தார். அவருக்கு அவசரம். பக்கவாதத்தில் விழுந்த மனைவி டாமாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பெண் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதனால்தான் அஞ்சு அடித்ததும் அவர் ஃபெரிக்கு ஓடுவது. ஆபீஸில் இதைப் பற்றி அவர் மூச்சு விட்டதில்லை. சொன்னால் முதலில் "பாவம்" என்பார்கள். பிறகு "பாவம், அவரால முடியாது" என்று நாற்காலியைப் பிடுங்குவார்கள்.

"மாசக் கடைசியில ஹெட் கிளார்க் நாற்காலி காலியாகுது, டாமா" என்றார், கஞ்சியை ஊட்டிக்கொண்டே. "இப்பப் போய் அவளுக்கு மெயிலைத் திறந்துவிட்டிருக்காங்கன்னா என்ன அர்த்தம்?"

டாமா கோணிய வாயால் ஏதோ குழறினாள்.

"அதேதான்! நாற்காலி அவளுக்கு!"

மறுநாள் காலை, டீ நேரத்தில் கம்ப்யூட்டர் ஆள் ஓச்சோலாவைப் பிடித்தார்.

"அவளுக்குத் திறந்துவிட்டவன் எனக்கு ஏன் திறக்கலை?"

"உங்களுக்கு எதுக்குப் பெரியவரே? அஞ்சு மணிக்கு மேல உங்களுக்கு மெயிலே வராதுன்னு நீங்கதானே பெருமை அடிப்பீங்க?"

"வராதுதான். காலையில மத்தவன் பெட்டியைத் திறந்தா குப்பை மாதிரி கொட்டுது. என் பெட்டி துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். என் பார்ட்டிங்க மரியாதை தெரிஞ்சவங்க. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தக் கம்பெனிக்குப் பூட்டு வாங்கின நாள்லேருந்து நான் இருக்கேன்!"

"வயிறு எரியிற வாசனை மாடி வரைக்கும் போகுது. முதல்ல அந்த மஹம்ரி பணியாரத்தைச் சாப்பிடுங்க."

"நீயே தின்னு."

நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"மேடம், யார் சரக்கு எந்தக் கப்பல்ல வருதுன்னு எல்லாமே அந்த மெயில்ல இருக்கு. அவ ஃபெரியில நின்னுக்கிட்டுப் படிக்கிறா. பின்னாடி நிக்கிறவன்லாம் எட்டிப் பார்க்கிறான். நாளைக்கு ஏதாவது திருடு போனா யார் பொறுப்பு? வெளியில திறக்கிறதை மூடுங்க. இல்லேன்னா முதலாளிக்கு நானே போன் போடுவேன்."

நியேவு மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெஜுமாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிடலாமா?"

"பேச என்ன இருக்கு? மூடுங்க."

"மூடினா நீங்கதான் வருத்தப்படுவீங்க, ரந்து."

"நானா? வருத்தப்பட்டா ஆபீஸ் முழுக்க மஹம்ரி வாங்கித் தரேன், போதுமா!"

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. உங்க இஷ்டம்."

சாயங்காலம் ஓச்சோலா ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"மூடியாச்சு. இனி எந்தப் பெட்டியும் வெளியில திறக்காது. திருப்தியா?"

மூலை மேஜையிலிருந்து மெஜுமா தலையைத் தூக்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ரந்துவைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

'முகம் தொங்கிப்போச்சு பார்!' ரந்துவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மணி அஞ்சு. அவரும் பையைத் தோளில் மாட்டினார்.

டிங்.

அவருடைய கம்ப்யூட்டர்தான். நின்றார்.

டிங். டிங்.

"இந்த நேரத்துல எனக்கு எவன் அனுப்புறான்?"

"உங்க மரியாதை தெரிஞ்ச பார்ட்டிங்கதான்" என்றான் ஓச்சோலா. "தினமும் இப்பத்தான் அனுப்புவாங்க. ராத்திரிக்குள்ள பதில் போகலைன்னா காலையில சரக்கு இறங்காது."

"அப்ப இத்தனை நாளா..."

"மெஜுமாவோட மெயில் ஒரு நாளும் வெளியில திறந்ததில்லை, பெரியவரே. அவ ஃபெரியில திறந்தது உங்க பெட்டி. உங்க பேர்ல பதில் போட்டு, பெட்டியைத் துடைச்சு வச்சுட்டுத்தான் தூங்குவா. போன வருஷம் ஒரு கப்பல் சரக்கு பதில் இல்லாம தேங்கிப்போச்சே, ஞாபகம் இருக்கா? அப்பவே உங்களை வீட்டுக்கு அனுப்ப மேடம் முடிவு பண்ணிட்டாங்க. இவதான் குறுக்கே விழுந்து, 'எனக்குத் திறந்து விடுங்க, நான் பார்த்துக்கறேன், அவருக்குத் தெரிய வேண்டாம்'னு சொன்னா."

ரந்துவின் தோளிலிருந்து பை நழுவியது.

"எதுக்காம்?"

"நாங்களும் கேட்டோம். 'அவர் அஞ்சு மணி ஃபெரியைப் பிடிச்சே ஆகணும், காரணம் மட்டும் கேட்காதீங்க'ன்னு சொன்னா. இன்னைக்கு வரைக்கும் அவ சொல்லலை. ஆமா, எதுக்குப் பெரியவரே தினமும் அப்படி ஓடுறீங்க?"