வெறும் வாளி

அப்பா வெறும் வாளியோடு திரும்பி வந்தார்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ரப்பர் தோட்டத்தில் வரிசையாக வீடுகள் இருக்கும் எங்கள் லயத்துக்கே அந்த ஒரு குழாய். சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் திறப்பார்கள். ஆண்கள் அங்கேயே சட்டையைக் கழற்றிப் போட்டுக் குளிப்பார்கள். அப்பா மட்டும் கொஞ்ச நாளாகச் சட்டையோடு குளித்தார்.

பக்கத்து வீட்டு அழகேசன் சித்தப்பா சொன்னது எங்கள் அடுப்படி வரை கேட்டது.

“என்னாண்ணே, ரவிக்கை தைக்கக் குடுத்தாச்சா? வெக்கப்படாம கழட்டுங்க லா.”

எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா வாளியை வாசலில் வைத்தார். நனையாத சட்டையை முன்னால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மாத்திரைப் புட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனார்.

பின்னால் கால்வாய் ஓடுகிறது.

செமிலிங் பட்டணத்திலிருந்து பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே நர்ஸாக இருந்த மிஸ்ஸி பேட்ரிசியா தமிழில் விளக்கிச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். மூத்திரப்பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பியில் புற்று. ஆண் உடம்பில் ஊறும் ஒரு சத்துதான் அதற்குத் தீனி. மாத்திரையில் இருப்பது பெண் உடம்பின் சத்து. அது உள்ளே போனால் தீனி நின்றுவிடும். புற்று பட்டினி கிடந்து தானாகச் செத்துக்கொண்டே வரும். நிறுத்தினால் மறுபடி வளரும்.

மார்பு வீங்கும், பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றும் சொன்னார்.

வேலை செய்தது. முதுகெலும்பு வலியில் குப்புறப் படுத்து முனகிக் கிடந்தவர், மறுபடி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறார்.

அப்பா புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே கால்வாயைப் பார்த்தார்.

நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அம்மா இல்லாத வீடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் லாரியில் இனி ஏறமாட்டேன் என்று நான் சொன்ன நாளோடு, இருந்த பேச்சும் குறைந்துவிட்டது. அன்று ரோத்தான் பிரம்பால் அடித்தார். ஏன் என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவும் இல்லை.

வேண்டாம்ப்பா என்று சொன்னால் கேட்கிறவர் இல்லை அவர்.

வாசலுக்குப் போய் வாளியைத் தூக்கி வந்தேன். அவர் முன்னால் நின்றேன்.

“கைப்பிடியில புடிச்சுத் தொங்கவிடாதீங்கப்பா. ரெண்டு கையாலயும் இப்படி நெஞ்சோட அணைச்சுக்கணும். தோளை முன்னால தள்ளிக்கணும். துண்டைக் கழுத்துல போட்டு ரெண்டு பக்கமும் தொங்கவிடுங்க. யாரையும் பாக்கக் கூடாது. வேகமாவும் நடக்கக் கூடாது. வேகமா நடந்தா தெரிஞ்சிடும்.”

நடந்து காட்டினேன். அடுப்படியிலிருந்து வாசல் வரை. வாசலிலிருந்து அடுப்படி வரை.

அவரிடம் நான் இவ்வளவு பேசியதே இல்லை.

திரும்பியபோது அப்பா வாளியைப் பார்க்கவில்லை. என் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், கூன் போடாதே, நிமிர்ந்து நட என்று அவர் எத்தனையோ முறை திட்டிய தோள்கள்.

வெளியே குழாயை மூடிவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் லயத்துக்குள் கலைந்து போனது.

அப்பா புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். வீட்டில் தண்ணீர் இல்லை. வறண்ட தொண்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்த லாரியில என்னம்மா சொன்னானுங்க?”