சுப்ரியா எழுதிய ரிப்போர்ட்

மத்திகிரி லைன் வீட்டில் எனக்குப் பக்கத்து வீடு சுப்ரியா. ஃபேக்டரி ஹாக்கி டீமில் இருக்கிறாள். கோல்கீப்பர் வேலைக்கு வரும் பெண்களை ஆடவைத்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதும் அவள்தான். தேறினால் வேலை, இல்லையென்றால் ஊருக்குப் பஸ்.

இரண்டு வருடத்தில் ஏழு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒருத்திக்குக் கால் மெதுவாம், இன்னொருத்திக்குப் பார்வை பத்தாதாம். பெண் பார்க்கப் போகிற மாமியார்கூட இத்தனை நொட்டை சொல்லமாட்டாள்.

போன வாரம் தளியிலிருந்து ஃபெபா என்று ஒரு பெண் வந்தாள். அன்று சாயங்காலமே சுப்ரியாவை மடக்கினேன்.

“இவளுக்கு என்ன நொட்டை கண்டுபுடிச்சே?”

“ஒண்ணுமில்லக்கா. இருபது பந்து அடிச்சோம். ஒண்ணுகூட உள்ள விடல.”

“அப்ப வேலை கெடைச்சிருச்சா?”

“எழுதிக் குடுத்துட்டேன்.”

“அடேங்கப்பா! உன் கையாலயா? அந்தப் பொண்ணை ஸ்வீட் வாங்கித் தரச் சொல்லுடி!”

அவள் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், வாசலில் ஒரு குட்டியானை வண்டி. அவள் கட்டிலும் கேஸ் அடுப்பும் ஏறிக்கொண்டிருந்தன.

“என்னடி, சொல்லாம கொள்ளாம?”

“ஊருக்குப் போறேங்க்கா. வேலை முடிஞ்சிருச்சு.”

“யாருக்கு, உனக்கா?”

“டீமோட கோல்கீப்பர் நாந்தானேக்கா. முட்டி போய் ரெண்டு வருஷமாச்சு. வேற ஆளு தேறுற வரைக்கும் இருன்னாங்க.”

அவள் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

“முன்னாடி வந்த ஏழு பேருல நாலு பேரு நல்லாத்தான் ஆடுனாங்கக்கா.”