கட்டிய கை

பாலக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு இன்று வாய்மொழிப் பரீட்சை. ஓட்டுச் சந்து வழியாக விழும் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. கைகட்டி நிற்கும் பாக்கியமேரியிடம் இன்ஸ்பெக்டர் கேட்கிறார்: "காவிரியில வந்து சேர்ற ஆறுகளைச் சொல்லு." அவளுக்குத் திக்குவாய். பவானியின் முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது. பின்பெஞ்சில் யாரோ சிரிக்கிறார்கள். இன்ஸ்பெக்டரின் பேனா முட்டை போடக் குனிகிறது. "இருங்க சார்" என்று அற்புதம்மாள் டீச்சர் அவளிடம் சாக்பீஸை நீட்டுகிறார். "இது வாய்ப் பரீட்சைங்க, டீச்சர்." "ஆறு தெரியுமான்னுதானே கேட்டீங்க. வாய் இருக்கான்னு கேக்கலையே." பாக்கியமேரி கட்டிய கையை எடுக்கிறாள். கரும்பலகை கிறீச்சிடுகிறது. பவானி வருகிறது, நொய்யல் வருகிறது, அமராவதி தெற்கிலிருந்து வளைந்து வந்து சேர்கிறது. கேட்காததையும் போடுகிறாள்: ஆறு இரண்டாகப் பிரிய, நடுவில் ஸ்ரீரங்கம். பின்பெஞ்சில் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. இன்ஸ்பெக்டரின் காது சிவக்கிறது. "அதை அழிச்சிட்டு வாயால சொல்லு." டஸ்டர் மேசைமேல்தான் இருக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள், எடுக்கவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்று, சாக்பீஸை விடாமல், கைகளை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள்.