கண்ணில் படும் கலர்

பூவரசன் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்ததும் லியோ பிரபு பின்வாசலைத் தேடினான். அரியலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த ஃப்ளெக்ஸ் கடைக்குப் பின்வாசலே கிடையாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போதாததற்கு, பூவரசனோடு ஆறடி ஆள் ஒருவர், கண்ணெல்லாம் சிவந்துபோய்.

“தெரியாத்தனமா படிச்சிட்டேன்க்கா” என்றான், பிரின்ட் ஓட்டும் சசிகலாவிடம்.

“படி, நல்லாப் படி. இப்ப வாங்கிக் கட்டிக்க.”

படித்தது வேறொன்றுமில்லை, எந்தக் கலருக்கு எந்தக் கலர் சேரும் என்கிற பாடம். ஏலாக்குறிச்சி பஸ்ஸில் வரப்போக ஒரு மாதம் மொபைலில் வீடியோ பார்த்ததில், இலையில் கேசரி வைத்தால்கூட “இது வார்ம் கலர்” என்று சொல்லும் அளவுக்குப் பையன் முற்றியிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் செந்துறைப் பூவரசன் வந்து மாட்டினார். மகளுக்குக் காதணி விழா. பேனரில் சொந்தபந்தம் முப்பது பேர் படம் வேண்டுமாம்.

“ஆனா எம் படந்தான் தம்பி மொதல்ல கண்ணுல படணும். எங்கண்ணன் ஒருத்தன் பாத்தாப் போதும். அவன் வரலேன்னா எனக்கு விசேசமே இல்ல.”

அண்ணன் அரியமுத்து பேச்சை நிறுத்தி ஒன்பது வருடம். தம்பியின் கல்யாண பேனரில் தன் படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் வழக்கு. பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்தும், ஒருவர் வீட்டு நல்லது கெட்டது இன்னொருவருக்குத் தெரியாது.

“கவலைய விடுங்க சார். கான்ட்ராஸ்ட் வெச்சு அடிக்கிறேன்.”

அடித்தான். முப்பது பேரையும் மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை என்று பளபளக்க விட்டான். நட்டநடுவில் பூவரசனை மட்டும் கருப்பு வெள்ளையாக்கினான். கண் நேராக அங்கேதான் போகும் என்று வீடியோக்காரர் சொன்னது பொய்யில்லை, போயிற்று.

காலையில் செந்துறை முக்கில் பேனர் ஏறியது. பத்து மணிக்குள் பூவரசன் வீட்டு வாசலில் நாலு மாலை, ஒரு ஐஸ் பெட்டி. உள்ளே இட்லி தின்றுகொண்டிருந்த மனிதர்தான் கை கழுவிவிட்டு வந்து ஐஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பினாராம்.

இப்போது அவரே கடைக்குள் நுழைந்துவிட்டார். லியோ பிரபு கையெடுத்துக் கும்பிட்டான்.

“மன்னிச்சிருங்க சார். இப்பவே எறக்கிட்டு, கலர்ல மாத்திக் குடுத்துடறேன்.”

“எறக்குன, கைய ஒடிச்சிருவேன்!” என்றார் ஆறடி. சொல்லிவிட்டுத் துண்டில் மூக்கைச் சிந்தினார். “அதைப் பாத்துட்டு செருப்புகூடப் போடாம ஓடியாந்தேன்டா. படுபாவி, வாசல்ல நின்னுக்கிட்டு ‘சாப்புட்டியாண்ணே’ங்கறான்!”

சசிகலா மெஷினை நிறுத்தினாள். லியோ பிரபு கும்பிட்ட கையை இறக்கினான்.

“அப்ப… எதுக்கு சார் வந்தீங்க?”

பூவரசன் அண்ணனின் தோளைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“எறையூருக்கும் இதே மாதிரி ஒண்ணு அடி தம்பி. புள்ளையோட தாய்மாமன் அங்கதான் மொறச்சிக்கிட்டுக் கெடக்கான்.”