ஸ்டியரிங் கட்டாயம் வேணும்

“கிராபிக்ஸ் கார்டு மட்டமா இருந்தாலும் பரவால்ல, ஸ்டியரிங் கட்டாயம் வேணும்டா,” என்றான் கோகுல்ராஜ்.

திருச்செங்கோட்டுக் கடையில் நண்பனின் பட்ஜெட்டுக்குள் கம்ப்யூட்டர் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த தீனதயாளனுக்கு எரிச்சலாக வந்தது.

“அப்படி என்ன கேம்டா ஆடப்போறே?”

“லாரி ஓட்டற கேம்.”

“அடப்பாவி! மாசக்கணக்கா வடக்கே போர்வெல் லாரி ஓட்டிட்டு நேத்துத்தான் வந்தே. லீவுலயும் லாரியா? உன்ற பொண்டாட்டி ஊட்டுக்குள்ள சேர்ப்பாளா?”

கோகுல்ராஜ் நெளிந்தான். “கேட்டதே அவதான்டா. ‘கல்யாணமானதுல இருந்து ஒருநாளாச்சும் உங்க லாரியில என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?’ன்னா.”

தீனதயாளன் கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

“அண்ணா, லிஸ்டுல இருந்து அந்த ஒத்தைச் சேரை எடுத்துருங்க. ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?”